கம்பளத்துக்கும் தரைக்கும் ஒரு மிஷின்

“கம்பளத்துக்கும் தரைக்கும் தூசி இழுக்க ஒரே மிஷின் போதுமுங்களா அம்மா, இல்லை ரெண்டு வேணுமுங்களா?”

பொன்னுரங்கம் கேட்டார்.

“தூசி ரெண்டு விதமா விழுதுங்களா?” என்றார் மரகதம்மாள்.

பொன்னுரங்கம் எழுந்து போய்க் கூடத்தைப் பார்த்தார்.

பாதிக் கூடம் சிமெண்டுத் தரை. மீதிப் பாதியில் சிவப்புக் கம்பளம். இரண்டின் மேலும் ஒரே சாம்பல் நிறம்.

*

மேற்கே குன்று இருந்த இடத்தில் இப்போது பள்ளம் இருந்தது. அதன் ஓரத்தில் கிரஷர் ஓடியது. அரைத்த கல்லை லாரிகள் கொண்டுபோயின. லாரியில் ஏறாதது காற்றில் ஊருக்குள் வந்தது. ஊரில் பெண்கள் காற்றடிக்கும் திசையைப் பார்த்த பிறகே துணி காயப்போட்டார்கள்.

கூடம் முன்பு விசைத்தறிக் கொட்டகை. தறிகளை விற்ற பிறகு மரகதம்மாள் அங்கே வந்து தனியாகக் கண்ணை மூடி உட்காரத் தொடங்கினார். பிறகு மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. வந்தவர்களைப் போகச் சொல்லவும் இல்லை.

பொன்னுரங்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மரகதம்மாளை விட வயதில் மூத்தவர். ஆனாலும் அவரைக் குருவாக ஏற்று அம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார்.

மரகதம்மாள் இளம் வயதில் அதே கிரஷரில் சல்லி சுமந்தவர். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே கல் தூசி படிந்து இறுகிவிட்டது என்றார். பிறகு மரகதம்மாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கூட வந்திருந்த பொன்னுரங்கத்திடம் மட்டும் கொஞ்ச நேரம் பேசினார்.

“என்ன சொன்னாருங்கண்ணா?”

“மாத்திரையை விடாமச் சாப்பிடச் சொன்னாருங்க.”



*

தினமும் விடியுமுன் கூடத்தைப் பெருக்குவது பொன்னுரங்கத்தின் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் மரகதம்மாள் படுத்திருப்பார். கதவின் அடி இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்துவிட்டுத்தான் பொன்னுரங்கம் துடைப்பத்தைத் தொடுவார்.

ஈரத் துணி போட்டால் தரையில் தூசி அடங்கியது. கம்பளத்தில் அடங்கவில்லை. தட்டினால் எழும்பியது. விட்டால் அங்கேயே இறங்கியது.

நடுவில் பொன்னுரங்கத்துக்கு இருமல் வரும். உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து டொக் டொக் என்று தட்டும் சத்தம் கேட்கும்.

தூசி உள்ளே போய்விட்டது என்று பொன்னுரங்கம் பதறுவார். துடைப்பத்தை இன்னும் மெதுவாகத் தள்ளுவார். இருமலைத் துண்டுக்குள் அடக்கிக்கொள்வார்.

ஒரு நாள் மரகதம்மாள், “பெருக்கறதுக்கு ஒரு மிஷின் பாருங்கண்ணா” என்றார்.

அவர் அதுவரை எதுவும் கேட்டதில்லை. முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்கிறார் என்று பொன்னுரங்கம் நினைத்தார். தவறானதை வாங்கிவிட்டால் அந்த மூச்சுக்குத் தானே பொறுப்பு என்று பயந்தார்.

*

முதலில் பொன்னுரங்கம் கம்பளத்தைச் சுருட்டி எறிந்துவிடலாம் என்றார். தரை மட்டும் என்றால் மலிவான மிஷினே போதும்.

கம்பளத்தில் உட்காருகிறவர்களில் மூத்தவள் அத்தாயி. அவளும் கல் சுமந்தவள்தான். கம்பளம் கிரஷர் முதலாளி கொடுத்தது என்பதை அவள் யாருக்கும் மறக்கவிட்டதில்லை.

“கல்லும் அவன் குடுத்தது, கம்பளமும் அவன் குடுத்தது. வேண்டாம்னா ரெண்டையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க” என்றாள்.

மரகதம்மாள் சிமெண்டுத் தரையைக் காட்டிப் பொன்னுரங்கத்தை உட்காரச் சொன்னார்.

அவர் உட்கார்ந்தார். எல்லோரும் கண் திறக்கும் வரை அங்கேயே இருந்தார். பிறகு எழ முயன்றார். தரையின் குளிரில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அத்தாயிதான் கை கொடுத்தாள்.

“ஏனுங்க கண்டக்டரே, ஸ்டாப்பிங் வந்தும் எறங்க முடியலீங்களா?”

கம்பளம் அங்கேயே இருந்தது.

*

திருச்செங்கோட்டில் ஒரு கடையில் மிஷின்கள் இருந்தன. பொன்னுரங்கம் போனார். மறுபடியும் போனார். கடைக்காரர் அவரைத் தூரத்தில் கண்டதுமே பெருமூச்சு விடத் தொடங்கினார்.

கம்பு போல நிற்பது ஒன்று. தரையில் நன்றாக இழுத்தது, கம்பளத்தில் திணறியது. பீப்பாய் போல ஒன்று. ஒர்க்‌ஷாப்புக்கு ஆகும் என்றார்கள். சக்கரம் வைத்த உருண்டை மிஷின்தான் சரியாகப் பட்டது. நீளக் குழாயைப் பிடித்து நடந்தால் நாய்க்குட்டி போலப் பின்னாலேயே வந்தது. குழாயின் வாயில் ஒரு மிதி இருந்தது. ஒரு முறை மிதித்தால் தரைக்கு ஏற்றபடி பிரஷ் மயிர் வெளியே வரும். மறுமுறை மிதித்தால் கம்பளத்துக்கு ஏற்றபடி மயிர் உள்ளே போகும்.

உருண்டையிலும் இரண்டு வகை. தூசியை டப்பாவில் சேர்ப்பது ஒன்று, பையில் சேர்ப்பது ஒன்று. டப்பாவைத் திறந்து கொட்டிக் காட்டச் சொன்னார். கொட்டியதில் பாதி எழும்பியது. வேண்டாம் என்றார்.

பை வைத்ததை ஓட்டச் சொன்னார். கடைக்காரர் கம்பளத் துண்டில் மைதா மாவைத் தூவி இழுத்துக் காட்டினார். கம்பளம் சுத்தமானது. பொன்னுரங்கம் அதைப் பார்க்கவில்லை. குனிந்து, மிஷினின் பின்பக்கம் காற்று வெளியேறும் இடத்தில் தன் கைக்குட்டையைப் பிடித்தார். பிறகு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரிக்குங்களா வாங்கறீங்க?” என்றார் கடைக்காரர்.

பொன்னுரங்கம் பதில் சொல்லப் போனார். மாவு தொண்டையில் பட்டு இருமல் வந்தது. நெடுநேரம் நிற்கவில்லை. கடைக்காரர் தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்டினார்.

கடைசியில் பை வைத்ததில் இரண்டு மிஷின்கள் மிஞ்சின. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. எதை எடுப்பது என்று தெரியாமல் ஊருக்குத் திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பினார்.

“மிஷின் வர்றதுக்குள்ள நாமெல்லாம் மண்ணுக்குள்ள போயிருவோம்” என்றாள் அத்தாயி.

*

“முடிவு பண்ணிட்டனுங்க அம்மா. சின்னது.”

மரகதம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“சின்னது நல்லா இழுக்குதுங்களா?”

“ரெண்டும் ஒரே இழுவைதானுங்க.”

“கம்பளத்துல?”

“ஒரே மாதிரிதானுங்க.”

“பை?”

“அதே பைதானுங்க.”

“பெருசுக்குக் கூடத்துப் பணம் பத்தாதுங்களா?”

“பத்துமுங்க.”

மரகதம்மாள் ஒரு மூச்சை இழுத்து முடித்தார்.

“அப்புறம் பெருசுல என்னதான் கூட?”

பொன்னுரங்கம் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

“வாரண்டிங்க. அதுக்கு அஞ்சு வருசம். இதுக்கு ஒரு வருசம்.”

தூரத்தில் கிரஷர் ஓடும் சத்தம் கேட்டது.

“ஒரு வருசம் போதும்னு பட்டுதுங்களா?”

அவர் அப்படி நினைத்து எடுக்கவில்லை. இரண்டில் எது என்று கடைக்காரர் கேட்டபோது கை தானாகச் சின்னதைக் காட்டியது. ஏன் என்று இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

“அண்ணா. டாக்டர் உங்ககிட்டத் தனியாச் சொன்னது இதுதானுங்களா?”

பொன்னுரங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மரகதம்மாள் தலையை ஆட்டினார். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு, “அஞ்சு வருசம் இருக்கறதையே வாங்குங்க” என்றார்.

பொன்னுரங்கம் துண்டை எடுத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“அப்படீன்னா நீங்க...”

“எனக்கெதுக்குங்கண்ணா மிஷின்?”

மரகதம்மாள் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தட்டினார். டொக் டொக். தினமும் விடியுமுன் கேட்கிற அதே சத்தம்.

“இது எதுக்குன்னு நெனச்சீங்க?”

“தூசி உள்ள வருது, மெதுவாப் பெருக்குன்னு...”

இருமல் வந்தது. துண்டைத் தேடினார். அடங்கவில்லை.

ஒவ்வொரு இருமலுக்கும் மரகதம்மாள் மறுபடியும் சுவரைத் தட்டினார்.