போன வேகத்தில் திரும்பி வந்த துடிப்பு

ஜமீன் கூடத்திலிருந்து சமையல்கட்டு வரை விறைப்பாக ஒரு நீளக் கம்பி. இங்கே சுண்டினால், அந்தத் துடிப்பு காரியஸ்தர் வேதாசலத்தின் வீட்டு மதிலுக்குள் புகுந்து, கொல்லையைக் கடந்து ஓடி, சமையல்கட்டில் மணியை அடிக்கும். சமையல்காரி பூரணி காபியோடு வந்து நிற்பாள்.

சில நாளாகக் காலையில் மணி அடிக்கவே இல்லை. காபியும் வரவில்லை.

"இவ காது செவிடு எஜமான்! இனிமே நீங்க சுண்டறதுக்கு முன்னாடியே வந்து நிக்கணும். இல்லேன்னா வேலையை விட்டு நிக்கணும்!" என்று குதித்தார் வேதாசலம்.

"ஆகட்டுங்க," என்றாள் பூரணி. "எஜமான் ஒருதரம் சுண்டிட்டு, கம்பி மேல விரலை வச்சுப் பாருங்க."

ஜமீன்தார் சுண்டினார். போன துடிப்பு போன வேகத்திலேயே திரும்பி வந்து விரலைத் தட்டியது.

"என்னடி, அதுக்குள்ள வந்துருச்சு?"

"சமையல்கட்டு வரைக்கும் போகலைங்க. நடுவழியில கனமா எதுலயோ முட்டிக்கிட்டு வந்துருச்சு. எதுலன்னு நான் சொன்னா எடுபடாது. கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நடந்து பாருங்க."

"வெயில்ல எதுக்குங்க எஜமான்..." வேதாசலத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

ஜமீன்தார் நடந்தார். காரியஸ்தர் வீட்டுக் கொல்லையில், அதே கம்பியில், ஈரம் சொட்டச் சொட்ட வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன, அரண்மனையில் காணாமல்போன அவருடைய பட்டு வேட்டிகள்.

பூரணி பவ்யமாகக் கேட்டாள்: "வேட்டிகளை எடுத்துடட்டுங்களா எஜமான்? காரியஸ்தரைத் தொங்கவிட இடம் வேணுமே."