பின்சீட்டின் வலது மூலை

சீடருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பத்தைந்துதான்.

சீடர் குழந்தைவேலு, லாரி புக்கிங் ஆபீஸை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். குரு அமலோற்பவம், ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியது போதும் என்று திண்டுக்கல் பைபாஸ் ஓரம் ஒர்க்‌ஷாப் போட்டவர். குழந்தைவேலு அவரை "டீச்சர்" என்று கூப்பிடுவார். டீச்சர் அவரை "அண்ணே" என்பார். இதில் இரண்டு பேருக்குமே கூச்சம் கிடையாது.

குழந்தைவேலுவிடம் ஒரு வெள்ளை அம்பாசடர் இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. வயதாகி, பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் உடைந்து, கொட்டகையில் செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. அதைத் தொட எந்த மெக்கானிக்கும் தயாராக இல்லை.

"நீங்களே மாட்டுங்கண்ணே. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார் டீச்சர். அப்படித்தான் கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது, குழந்தைவேலு சீடரானார்.

இந்த வயதில் எதற்கு இந்த வம்பு என்றால், மகள் பூங்கோதைதான் காரணம். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளோடு பேச்சை அறுத்து வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் அவளே போன் செய்தாள். அழுது முடித்துவிட்டு, "அந்தக் காரு இன்னும் ஓடுதாப்பா?" என்று கேட்டாள்.

"ஜம்முனு ஓடுது" என்று சொல்லிவிட்டார் மனுஷன்.

வெள்ளிக்கிழமை அவள் ரயிலில் வருகிறாள். ஸ்டேஷனில் அந்தக் கார் நிற்க வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பழைய ஆக்சில் எங்கும் கிடைக்கவில்லை. வேறு ஒரு பெரிய வண்டியின் ஆக்சிலை வாங்கி, ஸ்பிரிங் பட்டையில் உட்கார வைத்து, மாட்டிவிட்டார். ஆனால் அது பழையதை விட அகலம். சக்கரம் இரண்டு பக்கமும் கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே வந்து, மட்கார்டு விளிம்புக்கு நேர் கீழே நின்றது.

புதன்கிழமை காலை டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சரியா உக்காந்திருக்கா டீச்சர்?"

டீச்சர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தார்.

"யார் யாருண்ணே வர்றாங்க?"

"ஓட்டுறது நான். பக்கத்துல எங்க வீட்டம்மா. பின்னாடி பூங்கோதை, ரெண்டு பேரப் பிள்ளைங்க."

டீச்சர் ஒரு பழைய கியர்பாக்ஸைச் சாக்கில் சுற்றி முன்சீட்டில் வைத்தார்.

"இது உங்க வீட்டம்மா."

"வெயிட்டு கொஞ்சம் கம்மிதான்" என்றார் குழந்தைவேலு. இதை வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்.

பின்சீட்டில் ஒரு மணல் மூட்டை பூங்கோதையானது. இரண்டு லாரி பேட்டரிகள் பேரப் பிள்ளைகளாயின. வலது மூலை காலியாகக் கிடந்தது.

"ஓட்டிட்டு வாங்க."

குழந்தைவேலு சர்வீஸ் ரோட்டில் வேகத்தடை வரை போய், ஏறி இறங்கித் திரும்பி வந்தார். ஒரு சத்தமும் இல்லை. முகமெல்லாம் பல்.

டீச்சர் பின்கதவைத் திறந்து அந்த வலது மூலையில் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு டீச்சர்?"

"சும்மாதான். போங்க."

அதே வேகத்தடை. பின்சக்கரம் இறங்கியதும் வலது பக்கம் கரகரவென்று மட்கார்டு டயரைப் பிறாண்டியது. ரப்பர் தீயும் வாசனை உள்ளே வந்தது. குழந்தைவேலு ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தார். புது டயரின் ஓரம் நெடுகச் சீவப்பட்டிருந்தது.

"நீங்க ஏறினதாலதான். இல்லாட்டி உரசாது."

"மாப்பிள்ளை வரலையாண்ணே?"

குழந்தைவேலு டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையனும் வர்றான். ஆட்டோ பிடிச்சு வரட்டும். ஸ்டேஷன்ல ஆட்டோவுக்கா பஞ்சம்?"

டீச்சர் இறங்கவில்லை. மூலையில் உட்கார்ந்தபடியே சீட்டைத் தடவினார்.

"இங்க ஏதோ கீறல் இருக்கே."

குழந்தைவேலு எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் இளகிவிட்டது.

"அது கோழி கீறுனது."

"கார்லயா?"

"வைகை டேமுக்குப் போனோம். பூங்கோதை அப்ப மூணாப்பு. நான், வீட்டம்மா, மாமியார், மச்சினன் ரெண்டு பேரு, அவங்க பிள்ளைங்க. கால் வைக்கிற இடத்துல புளியோதரை அண்டா. வத்தலக்குண்டு தாண்டி மழை பிடிச்சுக்கிச்சு. ரோட்டோரத்துல ஒருத்தர் கோழிக்கூடையோட நனைஞ்சுக்கிட்டு நின்னாரு."

"ஏத்திக்கிட்டீங்களா?"

"ஏத்தாம? இந்த மூலையிலதான் திணிச்சோம். கூடையைப் பூங்கோதை மடியில வாங்கிக்கிச்சு. ஒரு கோழி வெளிய வந்து கீறி வச்சிருச்சு. ஒரு மாசம் கார்ல கோழி நாத்தம் போகல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கும்போது கண் கலங்கியிருந்தது. அந்த நாள் அப்படியே திரும்பி வந்தால், அண்டாவோடு, கோழியோடு, அவர் இன்னொரு முறை ஓட்டுவார்.

"அவ்வளவு பேரு ஏறியும் உரசலையா?"

"ஸ்பிரிங் பட்டை மல்லாந்துபோச்சு. ஆனா உரசல. அப்ப டயர் நல்லா உள்ள அடங்கி நின்னுச்சு."

"அந்தக் கோழிக்காரரு யாரு, எந்த ஊரு, என்ன ஆளுன்னு கேட்டீங்களாண்ணே?"

"மழையில நிக்கிற மனுஷன்கிட்ட அதையெல்லாம் யாராச்சும்..."

குழந்தைவேலு பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சர்வீஸ் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி போனது. அவர் கதவுப் பக்கமாக வந்து நின்றார்.

"மட்கார்டு விளிம்பை வெட்டிரலாமா டீச்சர்?"

"வெட்டலாம். உங்க காரு. வெட்டுறீங்களா?"

அவர் அந்த விளிம்பின் மேல் கை வைத்தார். சின்னப் பூங்கோதை அதைப் பிடித்துக்கொண்டுதான் டிக்கி மேல் ஏறுவாள்.

"வேணாம். வீலை மாத்துறேன்."

இதற்குப் பெயர் ஆஃப்செட். நட்டுப் போட்டு இறுக்கும் தட்டு, வீலின் வெளிப்பக்கமாகத் தள்ளியிருந்தால் டயர் உள்ளே ஒடுங்கும். உட்பக்கமாக இருந்தால் வெளியே துருத்தும். குழந்தைவேலுவுக்கு இது தெரியாததல்ல. புது டயரோடு இந்த வீலையும் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டார்.

ஜாக்கியை வைத்துத் தூக்கி, வலது சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே குனிந்து ஸ்பிரிங் பட்டைக்கும் டயர் நிற்க வேண்டிய இடத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். ரொம்ப உள்ளே போனால் பட்டையில் தேய்க்கும். போகாவிட்டால் மட்கார்டில் தேய்க்கும்.

"டீச்சர், எவ்வளவு உள்ள போகணும்?"

டீச்சர் அப்போதுதான் அந்த மூலையிலிருந்து இறங்கினார்.

"மாப்பிள்ளை உக்கார்ற அளவுக்குண்ணே."