குருத்தோலை தின்ற கிடா

மற்ற ஊர்களில் தேடிப் பிடித்தால்தான் ஒரு முட்டாள் அகப்படுவான். கோணங்குடியில் அந்தச் சிரமமே கிடையாது. எந்த வாசலில் நின்று கூப்பிட்டாலும் ஒருவர் வந்துவிடுவார்.

அந்த ஊர் சந்தியாகு ஈஸ்டருக்கென்று ஒரு கிடா வளர்த்தான். தவக்காலம் நாற்பது நாளும் கறி தொடக்கூடாதே என்ற துக்கத்தை, அந்தக் கிடாவைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆற்றிக்கொண்டான். அவ்வளவு பக்தி அவனுக்கு.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிவிட்டுப் பங்குச்சாமியார் சொன்னார்: "வீட்டில் உள்ள எல்லா உயிரும் ஒருசந்தி இருக்கட்டும். நாளுக்கு ஒரே வேளைதான் சாப்பாடு."

சந்தியாகு வீட்டில் கூட்டம் கூடியது.

"கிடாவும் ஒரு உயிர்தானே மச்சான்?" என்றான் அவன் மனைவியின் தம்பி வியாகுலம்.

"உயிர்தான். ஆனா அது பொறந்ததுலேருந்து கறியே தின்னதில்லை. நம்மளைவிடப் பெரிய தவசிடா."

"தவசிக்கு எதுக்குடா மூணு வேளை?" என்று தீர்ப்புச் சொன்னார் பெரியப்பா மிக்கேல்.

அன்றிலிருந்து கிடாவுக்கு நாளுக்கு ஒரு பிடி புல். இவர்கள் மூவருக்கும் ஒரே வேளைதான். அது காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை நடந்தது.

குருத்து ஞாயிறு வந்தது. சாமியார் ஓலைகளை மந்திரித்துக் கொடுத்தார். "பத்திரமா வைங்க. அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு இதை எரிச்சுத்தான் சாம்பல் எடுக்கணும்."

யாரிடம் ஒப்படைப்பது? வீட்டிலேயே ஒழுங்காக ஒருசந்தி இருந்தது கிடா ஒன்றுதான். தின்பண்ட ஆசை துளியும் இல்லாத அதை நம்பி, மூன்று ஓலைகளையும் அதன் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது ஓலை இல்லை. கிடா ஏப்பம் விட்டது.

"இனி அதுமேல கத்தி வைக்க முடியாது," என்றார் பெரியப்பா. "அடுத்த வருஷச் சாம்பல் அதோட வயித்துல இருக்கு."

ஈஸ்டரன்று ஊரே பிரியாணி மணத்தது. சந்தியாகு மட்டும் கத்தரிக்காய்க் குழம்பின் முன்னால் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். வீடு மந்திரிக்க வந்த சாமியார் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓலை போனா போகுதுப்பா! கிடாவை அடிச்சுக் குழம்பு வச்சுச் சாப்பிடுங்க!"

சந்தியாகு கையெடுத்துக் கும்பிட்டான்.

"நல்லாயிருக்கே சாமி! கிடாவைத் தின்னா ஓலை எங்க வயித்துக்கு வந்துரும். அடுத்த வருஷம் சாம்பலுக்கு எங்களையில்ல எரிப்பீங்க!"