களவா மீன் வாயைப் பாதி மூடித் திறப்பது ஏன்

கடலுக்குள் இருந்த உயிர்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை ஒன்றில் பாறையன் என்று ஒரு களவா மீன் இருந்தான். ஆள் உயரம் இருப்பான். அவன் வாயைத் திறந்தால் நண்டும் இறாலும் தண்ணீரோடு உள்ளே போய்விடும். அதே பாறையின் மறுபக்கம் வரியன் என்ற சின்ன மீனும் அவன் மனைவி நீலியும் வாழ்ந்தார்கள். விரல் நீளம்தான், உடம்பில் ஒரு நீலக்கோடு. மற்ற மீன்களின் செதிளில் ஒட்டிய பேனையும் அழுக்கையும் கொத்தித் தின்று பிழைத்தார்கள்.

ஒருநாள் நண்டு ஓட்டுத் துண்டு ஒன்று பாறையனின் கடைவாய்ப் பல்லுக்கு அடியில் செருகிக்கொண்டது. தானாகப் போய்விடும் என்று விட்டுவிட்டான். போகவில்லை. ஈறு வீங்கியது. ஒரு பக்கமாக விழுங்கப் பழகிக்கொண்டான். பிறகு அதுவும் முடியாமல் போயிற்று. பசி தாங்காமல் வரியனிடம் வந்தான்.

“எங்கே வலிக்கிறது அண்ணே?” என்று கேட்டான் வரியன்.

சுற்றிலும் கிளிமீன்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. தன்னைக் கண்டாலே ஒதுங்குகிறவர்கள் முன்னால் வலி என்று சொல்லப் பாறையனுக்கு மனம் வரவில்லை.

“வலியா, எனக்கா? முன்பல்லில் என்னவோ உறுத்துகிறது. எடுத்துவிட்டுப் போ.”

வரியன் முன்பற்களைச் சுத்தம் செய்தான். “நாற்றம் உள்ளேயிருந்து வருகிறதே” என்று சொல்லிக்கொண்டே கடைவாய்ப் பக்கம் போனவன், வீங்கிய ஈறைத் தெரியாமல் முட்டிவிட்டான். வலி மண்டைக்கு ஏறியது. பாறையனின் வாய் தானாக மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தபோது வரியனிடம் அசைவில்லை. நீரோட்டம் அவனை இழுத்துப் போக, நீலி கூடவே போனாள்.

பாறையன் தன் பொந்துக்குள் ஒடுங்கினான். அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டான், தன் வாய்க்குள் ஓர் உயிர் அடங்கிய அந்த நொடியைத்தான் மறக்க முடியவில்லை. நாளுக்கு நாள் மெலிந்தான்.

ஒரு காலையில் நீலி பொந்தின் வாசலில் வந்து நின்றாள்.

“எங்கே வலிக்கிறது?”

“எனக்காகவா வந்தாய்?”

“உங்களுக்காக வரவில்லை. அவர் தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது. இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள்.”

“இடது கடைவாய். நண்டு ஓடு. ரொம்ப நாளாக இருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டேன்.”

“அந்த வெட்கத்தால்தான் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.”

நீலி அவன் வாயருகே நீந்தி வந்தாள்.

“வலித்தால் வாயைப் பாதி மூடித் திறந்து காட்டுங்கள், வெளியே வந்துவிடுவேன். அடங்கியதும் மறுபடி உள்ளே போவேன். இனிமேல் வலிக்கட்டும் என்று காத்திருக்காமல் என்னிடம் வர வேண்டும். சம்மதமா?”

“சம்மதம்.”

நீலி உள்ளே போனாள். ஓட்டின் முனையைப் பிடித்து இழுத்தாள். பாறையனின் உடம்பு முழுவதும் விறைத்தது. வாயைப் பாதி மூடித் திறந்தான். அவள் வெளியே வந்து காத்திருந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். கடைசியில் சீழோடு அந்த ஓடு பெயர்ந்து வந்தது.

பாறையன் அழுதான் என்பார்கள். கடலுக்குள் அதை யார் பார்த்தார்கள்?

உடம்பு தேறியதும் அவன் பாறை பாறையாகப் போய், எல்லாக் களவா மீன்களிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். தான் பொய் சொன்னதையும், வரியன் செத்ததையும், நீலி சொன்ன முறையையும் சொன்னான்.

களவா மீன்கள் வலி இல்லாத நாளிலும் நீலக்கோட்டு மீனைத் தேடி வந்து வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்பதும், மூடுமுன் ஒருமுறை பாதி மூடித் திறப்பதும், எவ்வளவு பசித்தாலும் அந்தச் சின்ன மீனை விழுங்காமல் விடுவதும் அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான்.