சிரித்த ராஜாவும் இடியாத கோட்டையும்

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை வீரமல்லன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று பேர்தான். கடலுக்கு அப்பாலிருந்த பேரரசின் துரைதான் கோட்டையில் உட்கார்ந்து நாட்டை ஆட்டிவைத்தான். ‘ராஜாவுக்குப் பகைவர் இருக்கும்வரை எங்கள் படை காவல் இருக்கும்’ என்று தாத்தா காலத்து ஒப்பந்தம்.

ஒருநாள் பேரரசரின் தூதர் வந்திறங்கினார். பல ஊர்களிலிருந்து வந்த வணிகர்களெல்லாம் கூடியிருந்த விருந்தில் மந்திரி பிறைசூடி எழுந்தார்.

“துரை அவர்களே, எங்கள் ராஜாவின் பகைவரில் இன்னும் எத்தனை பேர் மிச்சம்?”

தூதர் முன்னால் துரை விட்டுக்கொடுப்பானா? “ஒருத்தனும் இல்லை! எல்லாரையும் ஒழித்துவிட்டேன்!” என்று மார்தட்டினான்.

“எழுதித் தருவீர்களா?”

எழுதிக் கையெழுத்தும் போட்டான். மந்திரி அதையும் ஒப்பந்தத்தையும் சேர்த்துத் தூதரிடம் நீட்டினார். “பகைவர் இல்லை என்றால் காவல் எதற்கு, ஐயா? ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் பேரரசரின் முத்திரை. இதற்கு மதிப்பு உண்டா, இல்லையா? இத்தனை வணிகர்கள் முன்னால் நீங்களே சொல்லுங்கள்.”

தூதருக்கு வேறு வழியில்லை. ஒரே மாதத்தில் படை கப்பலேறியது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை.

அன்று கோட்டை வாசலில் செங்கமலம் என்ற பெண் மந்திரியின் காலில் விழுந்தாள். ‘துரையும் வேண்டாம், அவனுக்குக் குடைபிடிக்கும் ராஜாவும் வேண்டாம்’ என்று சந்தையில் கத்தியதற்காக அவள் புருஷன் காத்தான் உள்ளே சிறையில் கிடந்தான்.

“அழாதே தாயே. நாளைக்குக் கோட்டையை இடிக்கிறோம். உன் புருஷன் வந்துவிடுவான்,” என்றார் மந்திரி.

மறுநாள் சபையில், மந்திரியின் புகழைக் கண்டு வயிறெரிந்த தளவாய் வல்லாளன் குனிந்து சொன்னான்: “மகாராஜா, துரையைத் திட்டியவர்களை விட்டுவிடலாம். தங்களைத் திட்டியவர்களை எங்கே வைப்பது?”

ராஜா மீசையை நீவினான். “அதுவும் சரிதான். கோட்டை இருக்கட்டும். அவர்களும் உள்ளேயே இருக்கட்டும்.”

“அப்படியானால் காவலருக்கு ஒரு கட்டளை போடவேண்டும், மகாராஜா,” என்றார் மந்திரி. “இதுவரை அந்நிய மொழியில் திட்டி உதைத்தார்கள். இனி நம் மொழியில் திட்டி உதைக்கட்டும். சுதந்திரம் வந்துவிட்டதல்லவா?”

ராஜா வெட்கித் தலைகுனிவான் என்று நினைத்தார். ராஜாவோ கண்ணில் நீர்வரச் சிரித்தான். சபையே சிரித்தது. தளவாய்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான்.

வெளியே செங்கமலம் புது வேட்டியோடு நின்றிருந்தாள்.

“எப்ப வருவாரு சாமி?”

“வரமாட்டான், தாயே.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னேன். சிரித்தார்கள்.”

“அப்படி என்ன சொன்னீங்க?”

மந்திரி தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவர் கழுத்தைப் பார்த்தாள்.

“அதுக்கா இந்த மாலை?”



காத்தான் ஆறு வருஷம் உள்ளே இருந்து, அங்கேயே செத்தான். மந்திரி சொன்னதை மட்டும் அரண்மனை விருந்துகளில் வெகுகாலம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.