அறுபதாவது முழத்தில் அரசர்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், எதையும் அளந்து பார்த்தால்தான் தூக்கம் வரும் என்கிற அரசர் ஒருவர் இருந்தார். ஊர், ஏரி, வயல் எல்லாம் அளந்து முடித்தபின் பொழுது போகவில்லை. சபையில் உள்ளவர்களின் மதிப்பை அளக்கப் புறப்பட்டார்.

"என்னிடமிருந்து கயிறு பிடியுங்கள். எவ்வளவு அருகிலோ அவ்வளவு மதிப்பு. ஐந்து முழத்தில் அமைச்சர். பத்தில் தளபதிகள். இருபதில் நிலக்கிழார்கள். வணிகர்கள்..." என்று இழுத்தார்.

"அறுபது முழம், அரசே" என்று எடுத்துக் கொடுத்தார் அமைச்சர் மழவராயர். "அதற்கு இப்பால் எந்த வணிகனும் வரலாகாது. வணிகர் வீட்டுப் பிள்ளைக்கும் அதே இடம்தான்."

அறுபதாவது முழம், வாசலுக்கு வெளியே செருப்புக் கழற்றிப் போடுகிற இடத்தில் முடிந்தது. அமைச்சர் பேச்சின் கடைசி வால் யாருக்கு என்று சபைக்கே தெரியும். விகடகவி நக்கன் மிளகு வியாபாரியின் மகன். அவன் பேச்சுக்கு அரசர் சிரிக்கும்போதெல்லாம் மழவராயருக்கு வயிறு எரியும். நக்கன் எழுந்துபோய்ச் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தான்.

பத்தே நாளில் அண்டை நாட்டோடு சண்டை வரும்போல ஆயிற்று. அந்நேரம் பார்த்துக் கப்பலில் வந்த குதிரைகளோடு குதிரை வணிகர் சாத்தையச் செட்டியார் வந்து சேர்ந்தார். அவருக்கும் வாசலில்தான் இடம்.

"என்னப்பா நக்கா, நம்ம ஆளுங்களுக்கு இப்ப இங்கயா இடம்? இந்த ராஜாவோட பாட்டனார் காலத்துல எங்க தாத்தா சிம்மாசனத்துக்குப் பக்கத்துல உக்காந்தாரு. இவங்கப்பா காலத்துல எங்கப்பா தூணுக்குப் பின்னாடி. நான் செருப்புக்குக் காவலா?"

"கவலைப்படாதீங்க செட்டியாரே. சண்டைன்னா உள்ள இழுப்பாங்க, சமாதானம்னா வெளிய தள்ளுவாங்க. போக வர நமக்கும் காலுக்கு நல்லது."

"விலை என்ன?" என்று உள்ளிருந்து கேட்டார் அரசர்.

செட்டியார் எழுந்து கும்பிட்டார். "மகாராஜா, குதிரை விலைய நாங்க வாயால சொல்றதில்ல. துண்டுக்குள்ள கைய விட்டு, விரலப் புடிச்சுப் பேசுவோம். அதுவும் வாங்குறவர் கையோடதான். வேற கை நுழைஞ்சா பேச்சு செல்லாது."

அரசர் திகைத்தார். சபையில் அண்டை நாட்டுத் தூதர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உரக்கப் பேசினால் எத்தனை குதிரை, என்ன விலை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். செட்டியாரை உள்ளே அழைத்தால், போட்ட கட்டளையை அரசரே மீறியதாகும். மழவராயர் எழுந்துபோய் அரசர் காதில் ஏதோ ஓதிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நக்கா!" என்றார் அரசர். "செட்டியார் ஓர் அடியும் இப்பால் வராமல், ஒரு சொல்லும் வெளியே கேளாமல், உச்சிப்பொழுதுக்குள் இதை முடித்துக் கொடு. முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போய்விடு!"

மழவராயர் மீசைக்குள் சிரித்தார்.

"முடிந்தது, அரசே" என்றான் நக்கன். "வணிகன் இப்பால் வரலாகாது என்றுதானே கட்டளை? அரசர் அப்பால் போகலாகாது என்று இல்லையே!"

"என்ன துடுக்கு! செருப்பு கிடக்கும் இடத்தில் அரசர் அமர்வதா?" என்று கொதித்தார் மழவராயர்.

ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு கத்தரிக்காய்க்குக்கூடப் பேரம் பேசாத அரசருக்குக் கை அரித்தது. விறுவிறுவென்று வாசலுக்கு வந்து, செட்டியாரின் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இருவர் கை மேலும் துண்டு விழுந்தது. செட்டியார் ஐந்து விரலைப் பிடித்தார். அரசர் இரண்டை மடக்கினார். செட்டியார் கையை உருவிக்கொண்டார். அரசர் துரத்திப் பிடித்தார். தூதர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தும், உள்ளே பூனை புகுந்ததுபோலத் துண்டு துள்ளியதுதான் தெரிந்தது. கடைசியில் ஓர் அழுத்து. விலை படிந்தது.

நக்கன் கயிற்றின் நுனியை அரசர் கையில் வைத்தான்.

"கட்டளைப்படி அரசரிடமிருந்துதான் அளக்க வேண்டும். செட்டியாருக்கு அரை முழம். எனக்கு ஒரு முழம். அமைச்சருக்கு..." கயிற்றை இழுத்துக்கொண்டே அமைச்சரின் இருக்கை வரை நடந்தான். "ஐம்பத்தைந்து! இன்னும் ஐந்து முழம் தள்ளி உட்கார்ந்தால் அவரும் எங்கள் ஆள்!"

மழவராயர் பதறி எழுந்து வாசலை நோக்கி ஓடிவந்தார்.

"பாருங்கள் அரசே! ஓட ஓட மதிப்பு ஏறுகிறது!"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிச் செட்டியாரின் மடியில் விழுந்தது. அங்கேயே கயிற்றை அறுத்தெறிந்தார். "யாருக்கும் அளவு வேண்டாம். வணிகர்கள் உள்ளே வந்து என் பக்கத்திலேயே உட்காரட்டும்!" என்றார்.

வந்த குதிரைகளிலேயே உயரமான வெள்ளைக் குதிரையை நக்கனுக்குப் பரிசாகக் கொடுத்தார். மிளகு மூட்டை மேல் ஏறிப் பழகியவனுக்குக் குதிரை ஏறத் தெரியவில்லை. சபையே பார்த்துக்கொண்டிருக்க, அரசர் சிரித்தபடியே தம் தோளைக் கொடுத்து அவனை ஏற்றிவிட்டார்.