தனி இலை

மானுடவியல் துறைப் பேராசிரியர் அருள்தாஸிடம் பொற்கொடி முனைவர் பட்ட ஆய்வு செய்தாள். நெல்லிப்பாறை என்ற மலையூரில் உறவு எப்படி உண்டாகிறது என்பது தலைப்பு. தலைப்பைக் கொடுத்ததும் அவளை முதலில் அங்கே அழைத்துப்போனதும் அவர்தான்.

அந்த ஊரில் சொந்தக்காரர்கள் ஒரே தட்டில் களி உண்பார்கள். விருந்தாளிக்குத் தேக்கிலை விரித்துத் தனியாகச் சோறு வைப்பார்கள். முதல் நாள் இருவருக்கும் இலை விழுந்தது. அவருடையது பெரிய இலை, நெய் வேறு. என்ன மரியாதை என்று பொற்கொடிக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

பிறகு அவள் அங்கேயே தங்கினாள். மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தவளை, பிள்ளையில்லாத சடைச்சி தன் குடிசையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். உடம்பு தேறிய அன்று தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீ என் மக. நான் போனா நீதான் வந்து தண்ணி ஊத்தணும்."

பொற்கொடி அழுதுகொண்டே சாப்பிட்டாள். அழுதது உண்மைதான். கை கழுவியதும் உட்கார்ந்து அதை எழுதிவைத்ததும் உண்மைதான். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அந்தத் தட்டிலிருந்து வந்தது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள், சடைச்சி இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மகள் வந்து தண்ணீர் ஊற்றாமல் எடுக்க மாட்டோம், காத்திருக்கிறோம் என்றார்கள்.

பொற்கொடி அருள்தாஸிடம் ஓடினாள். வெளியூர்த் தேர்வாளர் கிளம்பிவிட்டார், இந்தத் தேதி தவறினால் மறுபடி எப்போதோ, விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் கெடுவும் முடிகிறது என்று அவர் எடுத்துச் சொன்னார்.

"நீயே முடிவு பண்ணும்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். போகவில்லை. தேர்வாளர் மூன்றாம் இயலை மெச்சினார். பெற்ற மகளாகவே உங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறார்களே என்றார். சபை கைதட்டியது. நெல்லிப்பாறையில் அன்று மாலை வரை அவள் வழியைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் குடிசைப் பெண்ணைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சடைச்சியை எடுத்துவிட்டார்கள்.

சில நாள் கழித்துப் பொற்கொடி அருள்தாஸின் அறைக்கு வந்தாள். முனைவர் என்று யாராவது கூப்பிட்டாலே உடம்பு கூசுகிறது என்றாள். நெல்லிப்பாறைக்குப் போய் எல்லார் காலிலும் விழப்போவதாகச் சொன்னாள்.

"ரொம்பத் திட்டுவாங்களா சார்?"

"மாட்டாங்க."

"அடிச்சாக்கூடப் பரவாயில்ல."

"திட்டறது, அடிக்கறதெல்லாம் சொந்தக்காரங்களைத்தான். உன்னை உக்கார வெச்சு, பெரிய இலையாப் பாத்துப் போடுவாங்க. நெய்யும் ஊத்துவாங்க."

முதல் நாள் அவருக்கு விழுந்த பெரிய இலை பொற்கொடியின் நினைவுக்கு வந்தது.

"அங்க உங்களுக்கு யாரு சார்?"

மேசைமேல் திறந்துகிடந்த அவள் ஆய்வேட்டை அருள்தாஸ் மூடினார்.

"என்னை மகன்னு சொன்ன ஒருத்தர். அவரை எடுத்த அன்னிக்கு எனக்கு வைவா."